கங்காரு வாலும் முனைவர் பட்டமும்

பின்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவ மாணவியரே! பின்வரிசை என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். முன்வரிசையில் நாலு நாற்காலி காலியாக இருக்கிறது. இந்தப் பேச்சு முடிவதற்குள் அவற்றில் யாராவது வந்து உட்கார்ந்தால் நான் வந்த காரியம் பாதி முடிந்தது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘முனைவர் பட்ட ஆய்வும் கல்வித்துறைக்கு வெளியே உள்ள துறைகளும் கைகோத்தல்’. நீளமான தலைப்பு. ஒரே மூச்சில் சொன்னால் எனக்கு இருமல் வருகிறது. ஆகவே என் வசதிக்குச் சுருக்கிக்கொள்கிறேன். ஆய்வுக்கூடத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது. அந்த மதிலில் வாசல் வைப்பது எப்படி? வைத்த வாசலுக்கு யார் காவல்? இவ்வளவுதான் என் பேச்சு. இதற்குள்ளே இரண்டே இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறேன். கேள்வி யாருடையது? விடை யாருடையது? நான் எங்கே சுற்றினாலும் இந்த இரண்டையும் நீங்கள் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சென்னையிலிருந்தே தொடங்குகிறேன். 1952ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்கு ஓர் இளைஞரைத் தலைவராக அழைத்து வருகிறார். அந்த இளைஞர் ஜி. என். ராமச்சந்திரன். பெங்களூரில் சர் சி. வி. ராமனிடம் பயின்றவர். கேம்பிரிட்ஜ் போய் இன்னொரு முனைவர் பட்டமும் வாங்கி வந்தவர். வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. துறைத்தலைவர் நாற்காலி கிடைத்துவிட்டது. இனி எதை ஆராய்வது?

அந்தச் சமயத்தில் ஜே. டி. பெர்னல் என்ற பெரிய படிக இயல் அறிஞர் சென்னைக்கு வருகிறார். பேச்சுவாக்கில் கொலாஜன் என்ற புரதத்தைப் பற்றிச் சொல்கிறார். நம் தோலில், எலும்பில், தசைநாரில் இருக்கும் புரதம் அது. அதன் வடிவம் என்ன என்பது இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்கிறார். உலகப் புகழ் பெற்ற லைனஸ் பாலிங் 1951இல் ஒரு வடிவம் சொல்லியிருந்தார். அது பொருந்தி வரவில்லை.

நல்ல கேள்விதான். ஆனால் கொலாஜனுக்கு எங்கே போவது? எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்க நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட நல்ல மாதிரி வேண்டும். இயற்பியல் துறையில் அது எப்படி இருக்கும்? அங்கே கம்பி இருக்கும், காந்தம் இருக்கும், லென்ஸ் இருக்கும். தசைநார் இருக்குமா?

பக்கத்திலேயே இருந்தது! கிண்டி பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, அடையாற்றில், 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். ஆட்டுத்தோல், மாட்டுத்தோல், சுண்ணாம்பு, கடுக்காய், ஆவாரம்பட்டை என்று வாசனையோடு இயங்கிக்கொண்டிருந்த இடம். தோல் பதனிடுவது என்றால் என்ன? கொலாஜனைக் கெடாமல் நிறுத்திவைப்பதுதான். மதிலுக்கு இந்தப் பக்கம் பேராசிரியருக்குப் புரியாத புதிராக இருந்த பொருள், மதிலுக்கு அந்தப் பக்கம் அன்றாடப் பிழைப்பு. ராமச்சந்திரன் அங்கேயிருந்து மாதிரி வாங்கினார். என்ன மாதிரி தெரியுமா? கங்காரு வாலின் தசைநார்! ஆஸ்திரேலியாவில் குதித்துக்கொண்டிருந்த ஒரு ஜீவனின் வால், அடையாறு வழியாகக் கிண்டிக்கு வந்து எக்ஸ்-கதிர்க் கருவிக்கு முன்னால் நின்றது.

ராமச்சந்திரனும் அவருடைய கூட்டாளி கோபிநாத் கர்த்தாவும் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற சின்ன அமினோ அமிலம். ஏன் அவ்வளவு? மூன்று இழைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்டால், நடுவே இருக்கும் குறுகிய இடத்தில் அந்தச் சின்னதுக்குத்தான் இடம் இருக்கும். பூக்கட்டும் பெண்கள் மூன்று நூல் சேர்த்து முறுக்குவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கிட்டத்தட்ட அதுதான். 1954இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி இன்னொன்று வந்தது. உலகம் இன்றைக்கும் அதை ‘மெட்ராஸ் முச்சுருள்’ என்று ஊர் பெயர் வைத்துத்தான் அழைக்கிறது.

நான் உங்களைக் கேட்கிறேன். இங்கே கேள்வி யாருடையது? அறிவியலுடையது. பொருள் யாருடையது? தோல் தொழிலுடையது. விடை யாருடையது? ‘நேச்சர்’ இதழைப் புரட்டும் எல்லோருடையதும். ஒப்பந்தம் நாற்பது பக்கம் இல்லை. பத்திரிகையில் படம் போட்டுக் கைகுலுக்கும் விழா இல்லை. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பதுபோல ஒரு காரியம் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை மரம் இருக்கிறது என்று தெரிந்திருந்ததுதான் அதில் முக்கியம். உங்கள் கல்லூரிக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் என்னென்ன தொழில் நடக்கிறது என்று இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்கச் சொல்லமாட்டேன். பயப்படாதீர்கள்.

ஆனால் எல்லா வாசலும் கறிவேப்பிலைக் கொல்லைக்கே திறக்கும் என்று நினைக்கக் கூடாது. சில வாசல்கள் அடுத்தவன் வயலைத் தின்றுவிடும். அதற்கும் ஒரு கதை உண்டு. நீலக் கதை.

அவுரி தெரியுமா? வயதானவர்களுக்குத் தெரியும். இளைஞர்களுக்கு, தலைமுடிக்குப் பூசும் இலைப்பொடி என்றால் தெரியும். அந்தச் செடியிலிருந்துதான் நீலச்சாயம். தென்னார்க்காட்டிலும் கடப்பையிலும் அது பயிரானது. வங்காளத்திலும் பிகாரிலும் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் அதைக் குடியானவர்கள் தலையில் கட்டி விளைவித்தார்கள். உலகத்துக்கே நீலம் இங்கேயிருந்து கப்பல் ஏறியது.

ஜெர்மனியில் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற வேதியியல் பேராசிரியர் 1865 வாக்கில் இந்த நீலத்தைக் கையில் எடுத்தார். இதைச் செடி இல்லாமல் செய்ய முடியுமா? அவர் மட்டும் தனியாக உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் பழக்கமே வேறு. லீபிக் என்ற பேராசிரியர் கீசென் என்ற சிற்றூரில் 1820களில் தொடங்கிவைத்த வழி அது. முனைவர் பட்ட மாணவன் என்றால் ஆய்வுக்கூடத்தில் நின்று, கையைச் சுட்டுக்கொண்டு, புதிதாக ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். பட்டம் வாங்கிய மாணவர்கள் சாயத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். போனவர்கள் அங்கே கண்ட சிக்கலைப் பழைய பேராசிரியரிடமே திரும்பக் கொண்டுவந்தார்கள். போக்கும் வரவும். போக்கும் வரவும். இப்படி இரண்டு தலைமுறை.

1880இல் பேயர் செயற்கை நீலத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1883இல் அதன் அமைப்பைச் சொன்னார். ஆனால் ஆய்வுக்கூடத்தில் செய்தது கடைக்கு வரக் கட்டுப்படியாகவில்லை. பி.ஏ.எஸ்.எஃப். என்ற நிறுவனம் காப்புரிமையை வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்காகக் காசைக் கொட்டியது. இடையிலே ஒரு வேடிக்கை சொல்வார்கள். கொதிக்கும் கந்தக அமிலக் கலவையில் வெப்பமானி ஒன்று உடைந்து பாதரசம் கொட்டிவிட்டதாம். அதனாலேயே வினை வேகமாக நடந்து, மூலப்பொருள் மலிவாகச் செய்யும் வழி பிடிபட்டதாம். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. 1905இல் பேயருக்கு நோபல் பரிசு.

இங்கே என்ன ஆயிற்று? அவுரி விலை சரிந்தது. பிகாரில் தோட்ட முதலாளிகள் தங்கள் நட்டத்தைக் குத்தகையை ஏற்றிக் குடியானவர்கள் மேல் இறக்கினார்கள். 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனாரே, எதற்காக? அந்த நீலக் கறைக்காகத்தான். மியூனிக் நகரத்து ஆய்வுக்கூடத்துக்கும் சம்பாரண் வயலுக்கும் இவ்வளவு நேரான கோடு இருக்கிறது. இந்தியாவிலிருந்த தோட்ட முதலாளிகளும் கடைசியில் வேதியியலாளர்களை வேலைக்கு வைத்துப் பார்த்தார்கள். காலம் கடந்துவிட்டது. தலைமுறைக் கணக்கில் ஆளைத் தயார் செய்தவனோடு, தலைக்கு மேல் வெள்ளம் வந்தபின் ஆள் தேடுகிறவன் போட்டி போட முடியுமா?

இந்தக் கதையை நான் ஜெர்மனியின் பெருமைக்காகச் சொல்லவில்லை; நம் புலம்பலுக்காகவும் சொல்லவில்லை. ஆய்வும் தொழிலும் கைகோத்தால் பெரிய சக்தி பிறக்கும். அந்தச் சக்திக்குக் கண் கிடையாது. அவுரி போட்ட குடியானவன் அந்த மேசையில் உட்காரவில்லை. அவனுக்கு ஒரு கேள்வி இருந்திருக்கும். அதை யாரும் கேட்கவில்லை.

சரி, கொஞ்சம் இலகுவான விஷயத்துக்கு வருகிறேன். இந்த அரங்கில் வணிகவியல், கல்வியியல், உளவியல், உயிரியல் மாணவர்கள் நிறைய இருக்கிறீர்கள். உங்கள் ஆய்வேட்டின் நான்காவது இயலில் ஒரு ‘டி-டெஸ்ட்’ கட்டாயம் இருக்கும். இல்லாவிட்டால் கைடு விடமாட்டார். அந்த டி-டெஸ்ட் எங்கே பிறந்தது என்று யாருக்காவது தெரியுமா?

பீர் தொழிற்சாலையில்! சிரிக்காதீர்கள். உண்மைதான். அயர்லாந்தில் டப்ளின் நகரத்து கின்னஸ் நிறுவனம், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இளைஞர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்தது. 1899இல் அப்படிச் சேர்ந்தவர் வில்லியம் சீலி காசெட். அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் எளிமையானது: எந்த பார்லி நல்லது, எந்த ஹாப்ஸ் நல்லது? ஆனால் நிலத்தில் பத்து வகை போட்டுப் பார்த்தால் வகைக்குக் கிடைப்பது நாலைந்து அளவுகள்தான். அன்றைய புள்ளியியல் பெரிய எண்ணிக்கைக்குச் செய்யப்பட்டது. நாலைந்து அளவை வைத்து நம்பிக்கையாக எப்படி முடிவு சொல்வது?

நிறுவனம் என்ன செய்தது? அவரை 1906இல் லண்டனுக்கு, கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைத்தது. போய்ப் படித்துவிட்டு வா என்றது. பெரிய பல்கலைக்கழகத்துப் பேராசிரியருக்குச் சின்னக் கூறுகள் மேல் அவ்வளவு அக்கறை இல்லை. அவரிடம் ஆயிரக்கணக்கில் அளவுகள் இருந்தன. அவர் எதற்குக் கவலைப்பட வேண்டும்? கவலை பீர் வடிக்கிறவனுக்குத்தான். அந்தக் கவலையில் பிறந்ததுதான் 1908இல் வந்த கட்டுரை.

இப்போது கவனியுங்கள். கட்டுரையில் காசெட் என்ற பெயர் இல்லை. ‘ஸ்டூடண்ட்’ என்று போட்டிருந்தது. மாணவன்! ஏன்? நிறுவன ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயம். ஊழியர்கள் தங்கள் பெயரில் எழுதக் கூடாது என்று கின்னஸ் கட்டுப்பாடு வைத்திருந்தது. கேள்வி தொழிலுடையது. விடை உலகத்துடையது. பெயர் மட்டும் யாருடையதும் இல்லாமல் போயிற்று. இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் ‘ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்’ என்று படித்துவிட்டு, மாணவர்களுக்கான எளிய சோதனைபோல இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தப் பெயர் விஷயத்தில்தான் என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. சொல்வதா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் ஒரு மாணவர் ஆய்வு செய்தார். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பொடி ஒன்றைத் தயாரிக்கும் நிறுவனம் அவருக்கு மூன்று ஆண்டு உதவித்தொகை கொடுத்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. துறையில் வேறு யாருக்கும் அப்படி ஒன்று கிடைத்ததில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். மாணவர் ஒழுங்காக உழைத்தார். இரண்டாம் ஆண்டு முடிவில் ஒரு முடிவு வந்தது. அந்தப் பொடி செய்கிற வேலையைச் சாதாரணச் சுண்ணாம்பும் படிகாரமும் ஏறத்தாழ அதே அளவுக்குச் செய்தன!

நேர்மையான முடிவு. அறிவியலுக்கு நல்ல முடிவு. தொழிற்சாலைக்காரனுக்குக் காசை மிச்சம் பிடித்துக் கொடுக்கிற முடிவு. ஆனால் உதவித்தொகை கொடுத்தவருக்கு? தொலைபேசி வந்தது. “சார், அந்தச் சாப்டர் மட்டும் வேண்டாம் சார். ஒப்பந்தத்தைக் கொஞ்சம் பாருங்க.” பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் இருந்தது. நிறுவனத்தின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. அதற்குக் காலவரையும் இல்லை. கீழே என் கையெழுத்து, பச்சை மையில்.

ஒன்றரை ஆண்டு இழுத்தது. கடிதம், பதில், மறுகடிதம். மாணவருக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகி, ‘மாப்பிள்ளை இன்னும் படிச்சிக்கிட்டா இருக்காரு?’ என்று பெண் வீட்டார் கேட்டார்கள். கடைசியில் பொடியின் பெயரை எடுத்துவிட்டு, ‘மாதிரி அ’, ‘மாதிரி ஆ’ என்று போட்டு ஆய்வேட்டை ஏற்றோம். நிறுவனத்தை நான் குறை சொல்லவில்லை. வியாபாரி தன் சரக்கைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். பதினோராம் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஆசாமி உங்கள் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறான்.

அன்றிலிருந்து நான் என் சக நெறியாளர்களிடம் சொல்வது இதுதான். காசு எவ்வளவு என்று பிறகு பாருங்கள். முதலில் விடை யாருடையது என்று பாருங்கள். காப்புரிமைக்காக ஆறு மாதம், ஒரு வருஷம் பொறுக்கச் சொல்கிறார்களா? சரி, பொறுக்கலாம், அதில் நியாயம் இருக்கிறது. என்றைக்குமே பேசாதே என்கிறார்களா? அந்தக் காசு வேண்டாம். வாயைக் கட்டிப்போட்டு வாங்கும் முனைவர் பட்டத்துக்கு என்ன மதிப்பு?

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? சுருக்கமாகச் சொல்கிறேன், நேரமாகிறது. டென்மார்க்கில் 1970களின் தொடக்கத்திலிருந்தே தொழில்துறை ஆய்வாளர் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பின்னாளில் அது முறையான முனைவர் பட்டமாகவே ஆகிவிட்டது. அங்கே ஆய்வு மாணவர் நிறுவனத்தின் ஊழியர். சம்பளம் வாங்குகிறார். பல்கலைக்கழகத்தில் ஒரு நெறியாளர், நிறுவனத்தில் ஒரு நெறியாளர். சம்பளத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கிறது. பிரான்சில் 1981 முதல் ‘சிஃப்ரே’ என்ற திட்டம். மூன்று ஆண்டுக்கு நிறுவனம் வேலைக்கு வைக்கிறது, அரசு நிறுவனத்துக்கு மானியம் தருகிறது, ஆய்வுக்கூடத்துக்கும் நிறுவனத்துக்கும் நடுவே ஒப்பந்தம் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. பிரான்சில் கம்பெனிதான் வரவேண்டும் என்பதில்லை. நகராட்சி வரலாம். தொண்டு அமைப்பு வரலாம். யோசித்துப் பாருங்கள்! நம் ஊர் நகராட்சியில் ஒரு முனைவர் பட்ட மாணவி உட்கார்ந்து, குப்பை வண்டி எந்தத் தெருவில் ஏன் நிற்பதில்லை என்று மூன்று வருஷம் ஆராய்ந்தால் எப்படி இருக்கும்?

நம் நாட்டில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. 2010இல் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவைத் திறந்தது. தரமணிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே இடம் பிடித்த கம்பெனிக்கு வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து ஆய்வு செய்தாயா, மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்தாயா, உன் ஊழியர்களை ஆய்வுப் படிப்பில் சேர்த்தாயா என்று கணக்குப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். கம்பெனிக்கு மார்க்! இது எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. அதேபோல உதவித்தொகையில் பாதியை அரசும் பாதியைத் தொழில் நிறுவனமும் தரும் பிரதமர் ஆய்வு உதவித் திட்டம் ஒன்றும் வந்தது. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களில் பட்டம் பெறும் மாணவர்கள், தங்கள் ஆய்வுக்குப் புறம்பாகச் சில வாரங்கள் சாமானிய மக்களின் சிக்கல் ஒன்றை எடுத்துச் செய்யவேண்டும் என்றும் ஒரு விதி இருக்கிறது.

இருந்தும் பெரும்பாலான கல்லூரிகளில் என்ன நடக்கிறது? பகுதிநேர ஆய்வு மாணவர் என்று ஒருவர் வருகிறார். வங்கியில் வேலை, அல்லது மருந்து கம்பெனியில் வேலை. விதிப்படி வேலை கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்று வாங்கி வருகிறார். அந்தத் தாளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.’ அவ்வளவுதான். ஆட்சேபணை இல்லை என்கிறார்களே, ஆசை இருக்கிறது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? ‘எங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது, இவர் அதற்கு விடை தேடட்டும்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்களா? முப்பது வருஷத்தில் நான் ஒரு தாளில்கூடப் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வந்து, தன் அலுவலகத்துக்கும் தன் தலைப்புக்கும் சம்பந்தமே இல்லாத ஒன்றை ஐந்து வருஷம் எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர் பத்து வருஷம் வங்கியில் கண்ட அனுபவம் மதிலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

தமிழ், வரலாறு படிக்கும் பிள்ளைகள் சிலர் முகத்தைப் பார்க்கிறேன். ‘இதெல்லாம் சயின்ஸ்காரர்கள் கதை, நமக்கு எந்தக் கம்பெனி வரப்போகிறது’ என்று எழுதியிருக்கிறது. உங்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். ரோஜா முத்தையா. செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதி வாழ்ந்தவர். பேராசிரியர் அல்ல, பட்டதாரி ஆய்வாளர் அல்ல. பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ் என்று பிறர் எடைக்குப் போட்டதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கப்பலேற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்தது. 1994 முதல் அது நூலகமாக இருக்கிறது. தமிழ்ச் சமூக வரலாற்றில் இன்று முனைவர் பட்டம் செய்கிற உள்ளூர், வெளியூர், வெளிநாட்டு மாணவர்களில் அந்த வாசலை மிதிக்காதவர் குறைவு. ஒரு பலகை எழுதும் ஓவியரின் ஆசை எத்தனை ஆய்வேடுகளுக்கு அடிமனையாக இருக்கிறது! உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். மளிகைக்கடைக் கணக்கு நோட்டை மூன்று தலைமுறையாகப் பரணில் வைத்திருப்பார். போய்க் கதவைத் தட்டியிருக்கிறீர்களா?

மறுபடி என் துறைக்கு, என் ஆற்றுக்கு வருகிறேன். பாலாறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. நான் பிறந்து வளர்ந்த பக்கம். தோல் எங்களுக்குச் சோறு போட்டது. அதே தோல் எங்கள் கிணற்றைக் கெடுத்தது. இரண்டும் உண்மை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும். இந்தியச் சூழல் சட்டத்தில் அந்தத் தீர்ப்பைச் சொல்லாத பாடப்புத்தகம் கிடையாது. அதற்கு முன்பும் பின்பும் பாலாற்றுத் தண்ணீரைப் பற்றி எத்தனை ஆய்வேடுகள்! ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திலும் அடுக்கு அடுக்காக இருக்கின்றன. நானே ஏழெட்டுக்கு நெறியாளர். குரோமியம் எவ்வளவு, கரைந்த உப்பு எவ்வளவு என்று அளந்து அளந்து எழுதியிருக்கிறோம். அளந்தோம். அளந்ததை மறுபடியும் அளந்தோம். தண்ணீர் மாதிரி கொடுத்த விவசாயியிடம் போய் ‘உங்கள் கேள்வி என்ன?’ என்று எத்தனை பேர் கேட்டோம்?

ஒரே ஒரு முறை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

என் மாணவி ஒருத்தி. தோல் ஊறவைக்கும் முதல் தொட்டித் தண்ணீரை நுண்ணுயிரிகளைக் கொண்டு சுத்தம் செய்வது அவள் தலைப்பு. வாணியம்பாடியில் ஒரு டேனரியில் இரண்டு வருஷம் மாதிரி எடுத்தாள். அங்கே ஒரு மேஸ்திரி, நாற்பது வருஷம் அந்தத் தொட்டிகளோடு வாழ்ந்தவர், இவளுக்கு ரொம்ப ஒத்தாசை. எந்தத் தொட்டியில் எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே அவர்தான். வைவா நாள் வந்தது. நம் ஊர் வழக்கப்படி பொது வாய்மொழித் தேர்வு. பொது என்றுதான் பெயர். வருவது யார்? அம்மா, அப்பா, அறைத்தோழிகள், சமோசாவுக்கு வரும் ஜூனியர்கள். இந்தப் பெண் மேஸ்திரியையும் கூப்பிட்டிருந்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

அவள் நன்றாகப் பேசினாள். படங்கள் அழகாக இருந்தன. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூன்று கேள்வி கேட்டார். எல்லாம் அவள் எதிர்பார்த்தவை. பிறகு வழக்கம்போல, “அவையோர் யாராவது கேட்கலாம்” என்றேன். வழக்கமாக யாரும் கேட்பதில்லை. மேஸ்திரி எழுந்தார்.

“பாப்பா, நல்லா சொன்ன. நாத்தம் போயிடுச்சு, கலர் போயிடுச்சு, அழுக்கு போயிடுச்சு. சரி. தோலு கெடாம இருக்க நாங்க போடுறோமே உப்பு, மூட்டை மூட்டையா. அந்த உப்பு எங்க போச்சு?”

அரங்கம் அமைதியாகிவிட்டது. நுண்ணுயிரி அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. தண்ணீரைப் பிரித்தால் உப்பு ஒரு மூலையில் குவியும். குவிந்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மழை வந்தால் அது எங்கே ஓடும்? ஆய்வேட்டின் இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. நானும் கேட்டதில்லை. தேர்வாளரும் கேட்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, “தெரியலைங்க ஐயா. நான் அதைப் பார்க்கலை,” என்றாள். மேஸ்திரி தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். தேர்வாளர் பேனாவை எடுத்துத் தன் தாளின் ஓரத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

அவளுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் என்னிடம் புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். “சார், தலைப்பு என்ன எடுக்கட்டும்?” என்று கேட்டான். மேஸ்திரியின் வீட்டு விலாசத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, வாணியம்பாடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.